நானூறு சிப்பாய்களும் ஒரு சாக்கு மணலும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களிடம் சொல்லியிருப்பார்கள், நாம் விற்பதைப் பொம்மை என்று சொல்லக் கூடாது என்று. மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் உயரத்தில் ஓர் உலோகச் சிப்பாய். கையில் ஈட்டி, முகத்தில் கோபம், காலடியில் வட்டமான ஒரு தகடு. இப்படி நூறு பேரை வாங்கி, ஒவ்வொருவருக்கும் சாயம் பூசி, மேசைமேல் அணிவகுத்து, அளவு நாடா பிடித்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி, எதிரே நிற்பவரின் நூறு பேரோடு போர் செய்வதுதான் நம் வாடிக்கையாளரின் பொழுதுபோக்கு. வாரத்தில் ஐந்து நாள் அவர் எண்ணெய் ஆலையில் பொறியாளராக இருப்பார். அவரிடம் போய் "பொம்மை எப்படி இருக்கு?" என்று கேட்டால் மனம் புண்படும்.

இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் கடைசிவரை பொம்மை என்றுதான் சொன்னார்.

அவர் கீழக்கரைக்காரர். துபாயின் தேரா கடைவீதியில் கடிகாரமும் டார்ச் விளக்கும் பிளாஸ்டிக் பூவும் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய், அவருக்கு நான் எடிட்டர். அபுதாபியில் ருவைஸ் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, தன் படை முழுவதையும் இரண்டு பெட்டிகளில் அடைத்து பாயின் கடையில் விட்டுப் போனார். படையா குடும்பமா என்று அவருடைய மனைவி கேட்டிருக்கிறார். பாய் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் டார்ச் விளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு நடந்ததை அவரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"மறுநாள் ரெண்டு பேரு வந்தாங்க. டை கட்டின பெரிய மனுசனுங்க. ஒரு குதிரைக்காக ஒருத்தன ஒருத்தன் மொறைச்சிக்கிட்டு நிக்கிறானுங்க. அப்பவே எனக்கு வெளங்கிப் போச்சு எடிட்டரே. இது பொம்மை யாவாரம் இல்ல, இது ஒரு நோய். நம்மளது மருந்துக்கடை."

நிறுவனத்தின் வரலாறு என்று உங்களுக்குக் கொடுத்த கையேட்டில், 'நிறுவனரின் வாழ்நாள் ஆர்வத்திலிருந்து பிறந்தது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவன் நான். பாய் தன் வாழ்நாளில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. நான் எழுதியவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதற்கு இதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் ஒரு செய்தித்தாளில் பதினாறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். துபாயில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வேலைக்கு வந்தேன். நான் வந்து சேர்ந்த மாதமே அதை மூடிவிட்டார்கள். மூடிய அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த என்னைப் பாய் கூட்டிவந்தார். அப்போது நிறுவனம் ஷார்ஜாவில் ஒரு பட்டறை போட்டு, சொந்தமாகப் படைகளை வார்க்க ஆரம்பித்திருந்தது. ஆட்டத்துக்கு விதிப்புத்தகம் வேண்டும். நூற்றெண்பது பக்கத்துக்கு யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அதைச் சுருக்கித் தர வேண்டும் என்றார்.

சுருக்குவதில் எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அறுபது பக்கமாக்கினேன். 'மேசையிலிருந்து கீழே விழுந்த தாயக்கட்டையை மீண்டும் உருட்ட வேண்டும்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. இதைக்கூடவா எழுதுவார்கள் என்று அடித்துவிட்டேன். புத்தகம் வெளிவந்த மாதமே மஸ்கட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு கணக்காளர்கள். ஒருவருடைய தாயக்கட்டை சோபாவுக்கு அடியில் போய், ஆறு காட்டியபடி கிடந்திருக்கிறது. அவர் அது செல்லும் என்றார். மற்றவர் செல்லாது என்றார். எங்கள் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த மேசையில்.

அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தேன். யாருக்கும் தேவையில்லை என்று எனக்குத் தோன்றும் எதையும் வெட்டுவதற்கு முன், அதை எழுதியவர் எந்த வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று கேட்டுப் பழகினேன். பழகினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணல் விஷயம் வரும்வரை.

அப்போது நான் பட்டறைக்கு மேலாளராகியிருந்தேன். அல் கோபாரில் ஒரு பெரிய ஆட்டக்கூடம் திறக்கவிருந்த அபு ஃபஹத் என்ற சவூதிக்காரர் எங்களிடம் நானூறு பேர் கொண்ட பாலைவனப் படை ஒன்று கேட்டார். கூடத்தின் நடுவில் கண்ணாடிக்குள் அது நிற்கும். அது அவருக்குப் பிடித்துவிட்டால் சவூதியின் கிழக்குப் பக்கம் முழுவதும் நம் சரக்கு. பிடிக்காவிட்டால் பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. நானும் எங்கள் பட்டறையில் சாயம் பூசுவதில் முதல் கையான சேவியரும் மாதிரிக்குப் பத்துச் சிப்பாய்களை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் கோபார் போனோம்.

சேவியர் குளச்சல்காரர். அப்பா மீன்பிடிக்கிறவர். சேவியர் ஊரில் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்து, இங்கே விளம்பரப் பலகை எழுத வந்து, எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஒரு சிப்பாயின் கண்ணுக்குள் கருமணியும் அதற்குள் ஒரு வெளிச்சப் புள்ளியும் வைப்பார். அவ்வளவு நேரமும் வாய் ஓயாது.

அபு ஃபஹத் மாதிரிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிப்பாய்கள் சரி என்றார். பிறகு காலடித் தகட்டைக் காட்டி, "இது எந்த ஊர் மணல்?" என்று கேட்டார்.

தகட்டின்மேல் பசை தடவி மணல் தூவுவது வழக்கம். அந்த மணல் ஐரோப்பாவிலிருந்து சின்னச் சின்னப் புட்டிகளில் வந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பாலைவனத்துக்கு மணல் இறக்குமதி செய்கிறீர்கள். என் நண்பர்கள் இதைப் பார்த்தால் நான் வெளியே தலைகாட்ட முடியாது. எங்கள் மணலைப் போடுங்கள். மேலே சாயம் பூசாதீர்கள்."

எனக்கு அவர் சொன்னது மிகவும் பிடித்துவிட்டது. அதுவரை எனக்குத் தோன்றாததற்காக வெட்கப்பட்டு, தோன்றியதாகவே நினைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். திரும்பும் வழியில், எல்லை தாண்டி ருவைஸ் வருவதற்குள், சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வெளிறிய சமவெளி வந்தது. வெயிலில் மினுமினுத்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மேலே தோசைபோல ஓர் ஏடு, கீழே மாவுபோன்ற மணல். படம் எடுத்தால் அப்படியே முதல் பக்கம்.

"சாக்க எடுங்க சேவியர். அள்ளுவோம்."

அவர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "சார், இது உப்பு மண்ணாக்கும்."

"இருக்கட்டும். நாம என்ன குழம்பா வைக்கப் போறோம்?"

"உப்பு சும்மா கெடக்காது சார். எங்க வீட்டுச் செவரு வந்து பாருங்க. கடக்கரையில கட்டுன வீடு. வருசா வருசம் வெள்ளையடிப்போம், வருசா வருசம் உப்பு பூத்து, அடிச்சதையெல்லாம் தள்ளிட்டு வெளிய வரும்."

"இது சுவர் இல்ல சேவியர். சிப்பாய்."

"அது நமக்குத் தெரியுது. உப்புக்குத் தெரியணும்லா."

"யல்லா, அள்ளுங்க."

அள்ளினார். ஒரு சாக்கு.

நானூறு சிப்பாய்களும் அந்த மணலில் நின்றார்கள். ஷார்ஜாவின் கோடைப் புழுக்கத்தில் வேலை நடந்தது. பார்க்க மிக அழகாக இருந்தார்கள். லாரியில் ஏறி கோபார் போனார்கள். அங்கே குளிரூட்டிய கூடத்தில், கண்ணாடிக்குள், காய்ந்த காற்றில் நின்றார்கள். மூன்றாவது வாரம் அபு ஃபஹத் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். கீழே ஒரே ஒரு கேள்வி. 'என் பாலைவனத்தில் ஏன் பனி பெய்கிறது?'

உப்பு பூத்திருந்தது. சிப்பாய்கள் கணுக்கால்வரை வெள்ளைக்குள் நின்றார்கள். இரும்புத் தகடுகளின் ஓரத்தில் துரு வழிந்து, பனியில் ரத்தம் சிந்தியதுபோல இருந்தது. பார்வையாளனாக இருந்தால் ரசித்திருப்பேன். கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. படையைத் திருப்பி அனுப்புவதாகவும், நாள் தவறினால் கலாஸ், ஒப்பந்தம் முடிந்தது என்றும் அடுத்த செய்தி வந்தது.

பாய் என்னை அழைத்தார். கத்தவில்லை. அவர் கத்தினால் கோபம் ஆறிவிடும் என்று எங்களுக்குத் தெரியும். "மண்ணு அள்ளுனவன் யாரு?" என்றார். சாக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தது சேவியர் என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்த மாதம்தான் சேவியருக்கு விசா புதுப்பிக்க வேண்டும். "புதுப்பிக்க வேணாம். கேன்சல் போட்டுருங்க. நாளைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதி, படிவத்துல கையெழுத்து வச்சு எடுத்துட்டு வாங்க."

கையெழுத்து வைக்க வேண்டியவன் நான். மேலாளர்.

பட்டறைக்கு வந்தேன். சேவியருக்குச் செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. அவருடைய மனைவி நாகர்கோவிலில் நர்ஸ். மூன்று வருட முயற்சிக்குப் பிறகு ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, அன்றிலிருந்து பதினோராம் நாள் விமானம் ஏறுவதாக இருந்தது. சேவியர் ஒரு குதிரைக்குப் பிடரி எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"அவ எறங்குத வண்டியில நான் ஏறணும் போலிருக்கு சார். டாட்டா காட்டிக்கிடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். நீங்கள்தானே அள்ளச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். செய்தி எழுதும்போது ஆறு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று புதிதாக வரும் நிருபர்களுக்குப் பதினாறு வருடம் சொல்லிக்கொடுத்தவன். என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். ஈரப்பதம், குளிர்காற்று, உப்பு, இரும்பு எல்லாம் தெளிவாக இருந்தன. படித்துப் பார்த்தால் மணல் தானாக நடந்து பட்டறைக்குள் வந்ததுபோல இருந்தது. படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. அறிக்கையைப் படித்தால் பாய்க்கே மனசு மாறிவிடும் என்று நம்பினேன். இது கோழைத்தனம் என்று எனக்கு அன்றே தெரியும். ஆனால் நல்ல நடையில் எழுதப்பட்ட கோழைத்தனம்.

மறுநாள் பாய்க்கு அதைத் தமிழில் படித்துக்காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் இருக்கு எடிட்டரே. ஆளத்தான் காணோம்."

"நான்தான் பாய்," என்றேன். "சேவியர் வேணாம்னாரு. நான்தான் அள்ளச் சொன்னேன்."

நான் சற்றும் எதிர்பாராத விதமாகப் பாயின் முகம் இளகியது.

"நீங்க நல்ல மனுசன். அடுத்தவன் பொழப்புக்காகத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்க. ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல வரல. நீங்க செஞ்சிருந்தா நேத்தே சொல்லியிருப்பீங்கள்ல? போங்க, கையெழுத்து வச்சு எடுத்துட்டு வாங்க."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு தவறை அன்றே ஒப்புக்கொண்டால் அது ஒப்புதல். ஒரு நாள் கழித்து ஒப்புக்கொண்டால் பெருந்தன்மை ஆகிவிடுகிறது. என் வேலையும் போகவில்லை. கூடவே தியாகி என்ற பெயரும் கிடைத்துவிட்டது. சேவியர் ஊருக்குப் போவார், பாய் நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர் பாடு என்று எழுந்து வந்துவிடலாம். கதவுவரை வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதவருகே ஒரு சின்ன மேசையில், வாடிக்கையாளர்களுக்காக நிறுவனம் அச்சிடும் மாத இதழ் அடுக்கியிருந்தது. ஆங்கிலம். ஆசிரியர் நான். பாய் அதைப் புரட்டியதே இல்லை. மேலே இருந்த இதழின் இரண்டாம் பக்கத்தில் என் பெயரோடு ஒரு கட்டுரை. கூடவே ஒரு படம். உப்புவெளியில் ஒற்றை முழங்காலில் நான், உள்ளங்கையில் மணல், தூரத்தைப் பார்க்கும் பார்வை. படம் எடுத்தது சேவியர்.

அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். "இதக் கேளுங்க பாய்," என்று என் கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பாலைவனத்துக்கு மணல் இறக்குமதி செய்யும் அபத்தத்தை இந்தக் கட்டுரையாளர் முடிவுக்குக் கொண்டுவந்தார். பாய் தலையாட்டினார். இடத்தைத் தேர்ந்தவரும் இந்தக் கட்டுரையாளரே. மறுபடி தலையாட்டினார். உப்பு இருக்கிறது என்று உடன் வந்தவர் தயங்கினார், புதியதைக் கண்டு தயங்குவது மனித இயல்பு.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்காப் படிங்க."

படித்தேன்.

"உப்புன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நக்கிப் பாத்தாரு."

"நீங்க?"

"நக்கல பாய்."

"மேனேஜர்னா மொதல்ல நக்கிப் பாக்கணும்ல?" இப்போது கத்தினார். எனக்கு உயிர் வந்தது. "மூட்ட தூக்குறதுக்கு ஆள் இருக்கான். ருசி பாக்குறதுக்குத்தானே உங்களுக்கு ஏசி ரூமு!"

தீர்ப்பு சுருக்கமானது. படிவம் அவருடைய மேசை இழுப்பறைக்குள் போனது. படை திரும்பி வந்ததும் நானூறு தகடுகளையும் நான் சுரண்ட வேண்டும், சேவியர் மேற்பார்வை பார்ப்பார், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நாளுக்குள் கோபார் போய்ச் சேர்ந்தால் சேவியருக்கு விசா. சேராவிட்டால் இன்னொரு படிவம் எடுத்து இரண்டு பேருக்கும் கேன்சல்.

சேவியரிடம் போய்ச் சொன்னேன். தூரிகையைக் கழுவி வைத்தார். "இன்னொரு நாள் கழிச்சிச் சொல்லியிருந்தியன்னா ஒங்களுக்குச் சிலையே வச்சிருப்பாரு," என்றார். எனக்கு அது வலித்தது, வலிக்க வேண்டும் என்றே சொன்னார்.

மேற்பார்வையாளராக சேவியர் இரக்கம் இல்லாதவர். ஒரு சிறிய கத்தியால் மணலைப் பெயர்த்து, துருவைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, புது மணல் போட வேண்டும். இந்த முறை புட்டியில் வந்த மணல். அபு ஃபஹத்திடம் கேட்டேன். பனியைவிட இறக்குமதி மேல் என்றார். சாயம் பூசி அந்தப் பாலைவன நிறத்துக்குக் கொண்டுவர சேவியர் ஒப்புக்கொண்டார். சுரண்டத் தொடங்கிய முதல் நாள் நான் பதினெட்டு முடித்தேன். நான்கு பேருக்குக் கால் ஒடிந்தது.

"சார், இவன் சண்டைக்கே போகல. அதுக்குள்ள நொண்டியாக்கிட்டியளே."

"ஒட்டிடலாம் சேவியர்."

"ஒட்டலாம். நீங்கதான் ஒட்டுவிய. குதிர மேல கைய வைக்காதீங்க, குதிர எனக்கு."

மூன்றாம் நாள் முப்பதைத் தொட்டேன். அதற்கு மேல் அவரே கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பாயின் உத்தரவு அதுவல்ல என்றேன். "ஒங்க வேகத்துக்குப் போனா என் பொண்டாட்டி ரிட்டயர் ஆயிருவா," என்றார். அவர் என்னைப்போல இரண்டு மடங்கு செய்தார். பாய் ஒருநாள் கதவருகே வந்து நின்று பார்த்தார். சேவியரின் கையில் கத்தி இருப்பதையும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் மதியம். சுரண்டி அலசிய அறுபது சிப்பாய்களுக்கு மணல் ஒட்டுவது மட்டும் மீதி. சேவியர் கையைக் கழுவி, நகத்தில் இருந்த சாயத்தைச் சுரண்டி, கொண்டுவந்திருந்த சட்டையை மாற்றிக்கொண்டார். மனைவியின் விமானம் நாலு மணிக்கு. லாரி ஏழு மணிக்கு.

"மீதிய நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

அவர் நான் முடித்து வைத்திருந்த வரிசையைக் குனிந்து பார்த்தார். ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பினார். பெருமூச்சு விட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சார், ஒரே ஒரு உபகாரம். கோபார்ல யாராவது கேட்டா இந்த அறுவதும் நீங்க செஞ்சதுன்னு சொல்லிருங்க. எம்மேல போட்டுராதீங்க."

போய்விட்டார். நான் ஆறே முக்காலுக்கு முடித்தேன். மறுநாள் காலை படை கோபார் சேர்ந்த செய்தி வந்ததும் பாய் இழுப்பறையைத் திறந்து படிவத்தைக் கிழித்தார். சேவியரின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போனது.

திறப்பு விழாவுக்கு நான் கோபாரில் இருந்தேன். அபு ஃபஹத் கண்ணாடியைச் சுற்றி வந்தார். லென்ஸ் கையில். முன்வரிசை, குதிரைப்படை, கொடி பிடித்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தலையசைத்தார். பின்பக்கம் இடது மூலைக்கு வந்ததும் நின்றார். அங்கே அறுபது பேர், மணலில் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் சாய்ந்து, படகில் நிற்பவர்கள்போல நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதை யார் செய்தது?"

"நான்," என்றேன். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் லென்ஸை இறக்கி என்னைப் பார்த்தார், மறுபடி சிப்பாய்களைப் பார்த்தார். உடனே நம்பிவிட்டார்.